வெட்டியவரும் காத்தவரும்: இணையத் தமிழ் எழுத்துச் சமூகங்களில் பரிசின் கணக்கு

1. கேள்வி

2019 நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டங்கள் புதிய மாவட்டத்துக்கு வந்தன. மதுராந்தகத்துக்குப் பக்கத்து வட்டமான உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்தப் பிரிவினை பெரிய வேலையை வைத்தது. ஊராட்சி, கோயில், ஏரி, தொடர்வண்டி நிலையம், மாமல்லபுரத்துக் குடைவரை என்று எந்தப் பக்கத்திலெல்லாம் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று எழுதியிருந்ததோ, அவை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது, அந்த வட்டம் எந்தப் பக்கம் போனது என்று உறுதி செய்துகொண்டு ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். வட்டாரம் தெரிந்தவரால்தான் இதைப் பிழையின்றிச் செய்ய முடியும். அதே மாதங்களில்தான் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு இடையிலான ‘வேங்கைத் திட்டம் 2.0’ கட்டுரைப் போட்டி நடந்தது. தமிழ் அதில் முதலிடம் பெற்றது. போட்டி எண்ணியது புதிய கட்டுரைகளையும் பெரிதாக விரிவாக்கப்பட்ட கட்டுரைகளையும். பழைய பக்கமொன்றில் மாவட்டத்தின் பெயரைச் சரிசெய்த கைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அக்கம்பக்கமாக நடந்த இந்த இரண்டு வேலைகளிலிருந்து எழும் கேள்வியையே இக்கட்டுரை ஆராய்கிறது. இணையத்தில் கூடி எழுதும் தமிழ்ச் சமூகங்களில் பங்கேற்பவருக்குப் பரிசு தருவது எழுத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்று பலகாலம் விவாதித்திருக்கிறோம். அந்த விவாதம் தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. பரிசு தரலாம், தரவும் வேண்டும். ஆனால் நம் பரிசுகள் பெரும்பாலும் ஆக்கத்துக்கே போகின்றன. சமூகத்தில் உண்மையாகவே பற்றாக்குறையாக இருக்கும் உழைப்போ வேறு: இரண்டாவது வாசிப்பு, திருத்தம், காவல். பரிசால் விளைவதாகச் சொல்லப்படும் கேடுகளில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வருகிறது.

2. பரிசைப் பற்றி இதுவரை

பணம் கொடையைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு நவீன வடிவம் தந்தவர் பிரிட்டனின் சமூகவியலாளர் ரிச்சர்டு டிட்மஸ். 1970இல் வந்த நூலில் பிரிட்டனின் தன்னார்வக் குருதிக்கொடையையும் அமெரிக்காவின் விலைகொடுத்து வாங்கும் முறையையும் ஒப்பிட்டு, விலை வரும் இடத்தில் கொடையும் குறையும், குருதியின் தரமும் குறையும் என்றார். இதற்குத் துணையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த சோதனை. 2000இல் உரி நீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் அதன் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் அது குறையவில்லை. கடமையாக இருந்தது விலையாக மாறியதும் கடமை உணர்வு திரும்பவில்லை என்று இதைப் பொருள்கொண்டார்கள்.

இணைய எழுத்துச் சமூகங்களில் நேரடியாக நடந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 2012இல் மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னௌட் வான் டி ரிய்ட் இருவரும் ஆங்கில விக்கிப்பீடியாவின் மிகச் சுறுசுறுப்பான ஒரு விழுக்காட்டினரிலிருந்து 200 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் ‘பதக்கம்’ எனப்படும் பாராட்டுச் சின்னத்தை அவரவர் பக்கத்தில் இட்டார்கள். அடுத்த 90 நாட்களில் சின்னம் பெற்றவர்களின் உழைப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுந்திருந்தது. ஜெர்மன் விக்கிப்பீடியாவின் புதியவர்களிடம் யானா காலுஸ் நடத்திய சோதனையிலும், காசில்லாத விருது பெற்றவர்கள் மறுமாதமும் எழுத வரும் வீதம் 20 விழுக்காடு கூடியது. எதிர்ப்பக்கம், கணினி நிரலாளர்கள் கேள்வி-பதில் எழுதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, பட்டயம் கிடைக்கும் எல்லையை நெருங்க நெருங்க உழைப்பு ஏறுவதையும், கிடைத்ததும் இறங்கிவிடுவதையும் கண்டது.

இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் மறுக்கவில்லை. ரெஸ்டிவோவின் பதக்கம் முன்னறிவிப்பின்றி, ஏற்கெனவே செய்த வேலையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. எத்தனை திருத்தத்துக்கு எத்தனை பதக்கம் என்ற அட்டவணை எதுவும் அங்கே இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பட்டயத்துக்கு அட்டவணை உண்டு. ஆகவே உழைப்பு அட்டவணையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஹைஃபாவிலும் அபராதம் முன்னறிவித்த ஒரு விலைதான். ஆக, இவ்வாய்வுகளைப் பிரிக்கும் கோடு பணத்துக்கும் அன்புக்கும் நடுவே ஓடவில்லை என்றே வாசிக்கிறேன். முன்கூட்டி அறிவித்த எண்ணிக்கைக்கும், செய்ததைப் பார்த்து வரும் மதிப்புக்கும் நடுவே ஓடுகிறது. இவ்வாய்வுகள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு. எந்த வகை உழைப்பு மிகுந்தது? எழுதுவதா, எழுதியதைக் காப்பதா? தமிழ்ச் சூழலில் முதன்மையானது இதுதான்.

3. தமிழ் விக்கிப்பீடியாவின் போட்டிகள்

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இந்த வளர்ச்சியில் போட்டிகளுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்காக, தமிழ்நாடு அரசும் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். பொறியியல், மருத்துவம், வேளாண்மை படிக்கும் மாணவர்கள் தங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுத முற்பட்டதே அதன் பெரும்பேறு. ஆனால் போட்டிக்கு வரும் கட்டுரை கலைக்களஞ்சியப் பக்கமாவதற்கு நடை மாற்ற வேண்டும், சான்று சேர்க்க வேண்டும், வேறெங்கிருந்தாவது படியெடுத்ததா என்று பார்க்க வேண்டும். மாநாடு முடிந்து பரிசு வழங்கிய பிறகே தொடங்கும் அந்த வேலை, பரிசுக்கு வெளியே நின்ற சிலரின் தோளில் ஏறுகிறது.

அதே ஆண்டுகளில் இன்னும் கூர்மையான ஒரு வழக்கு நிகழ்ந்தது. 2009–10இல் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வளர்க்கும் பொருட்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம், அரபு முதலிய மொழி விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. அளவில் அவை பெரிய கட்டுரைகள். ஆனால் ஆங்கிலத்தில் மிகுதியாகத் தேடப்படும் தலைப்புகளே தேர்வாயின. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் எலும்பைத் தாங்கி வந்தன. உள்ளிணைப்புகள் பல இல்லாத பக்கங்களுக்கு இட்டுச் சென்றன. உரையாடல் பக்கத்தில் யாராவது ஐயம் எழுப்பினால், ஏற்றியவர் திரும்பி வந்து பதில் சொல்வது அரிது. வங்காள விக்கிப்பீடியர் அவற்றை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர் நிறுவனத்தோடு பேச்சு நடத்தி, குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்தில் நடந்த உலக விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தனர். அந்த விமர்சனத்தை ‘பணம் வாங்கி எழுதியதால் கெட்டது’ என்று சுருக்கிவிடக் கூடாது. ஊதியம் சொல்லை எண்ணி வந்தது. எண்ணிய சொல் ஏறியதும் உறவு முடிந்தது. பக்கத்தோடு தொடர்ந்து இருக்கும் கடமை அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. கெடுத்தது அதுதான்.

இந்தப் பாடத்தைச் சமூகமே உள்வாங்கிக்கொண்டதற்கு அடையாளம், பத்தாம் ஆண்டையொட்டி 2013இல் தொடங்கிய கட்டுரைப் போட்டி. புதிய பக்கம் தொடங்குவதற்கு அதில் பரிசில்லை. எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இருந்தாக வேண்டிய தலைப்புகளில் குறுங்கட்டுரையாகத் தேங்கிக் கிடந்தவற்றை 15,360 பைட் அளவுக்கு மேல் விரிவாக்க வேண்டும் என்பது விதி. தமிழ் இணையத்தில் இதுவரை நடந்தவற்றுள் இதுவே நன்கு சிந்தித்து வகுத்த போட்டி என்று கருதுகிறேன். ஏற்கெனவே இருக்கும் பக்கத்துக்குத் திரும்பிச் செல்லும் வேலைக்கு அது மதிப்பளித்தது.

ஆனாலும் அளவுகோல் பைட்டாகவே இருந்தது. அதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருப்பதால் அது 15 பைட் பிடிக்கும். சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறியீடும் ஓர் இடைவெளியும் என்று வைத்துக்கொண்டால், 15,360 பைட் என்பது அறுநூறு சொல்லை ஒட்டியது. அதே அளவில் ஆங்கிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அடங்கும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் எல்லை, தமிழில் இரண்டு மூன்று பக்கக் கட்டுரையோடு முடிந்துவிடுகிறது. வார்ப்புருவும் அட்டவணையும் மேற்கோள் குறியும் சேர்ந்தால் உரை இன்னும் சுருங்கும். அளவைக் கூட்டுவதும் எளிது, அளவைப் பார்த்து ஏமாறுவதும் எளிது.

2018 மார்ச் முதல் மே வரை நடந்த முதல் வேங்கைத் திட்டம் விக்கிமீடியா அறக்கட்டளையும் கூகுளும் இந்திய அமைப்புகளும் சேர்ந்து நடத்தியது. தொடர்ந்து எழுதுபவர்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தார்கள். பிறகு தலைப்புப் பட்டியலிலிருந்து கட்டுரை எழுதும் போட்டி. ஒவ்வொரு மொழியிலும் மாதப் பரிசு 3,000, 2,000, 1,000 ரூபாய். அப்போட்டியில் பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். இந்தத் தொகைக்காக எவரும் எழுத வந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மொழிக்குப் பெருமை சேர்க்கும் வேட்கையே பெரிய உந்துதல், அது இழிவானதன்று. என் கவனம் திட்டத்தின் இரண்டு உறுப்புகளுக்கு நடுவிலான வேறுபாட்டின் மேல் இருக்கிறது. மடிக்கணினி, ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர் மேலும் உழைக்க வசதி செய்தது. எதை எழுதுவது, எதைத் திருத்துவது என்று அவருக்குக் கட்டளையிடவில்லை. போட்டியோ எதை எண்ணுவோம் என்று முன்னறிவித்து, மூன்று மாதத்துக்கு அவருடைய நேரத்தைத் தன் பக்கம் இழுத்தது. முன்னது ஏரிக்கு ஆள் வைப்பதைப் போன்றது, பின்னது கூடை மண்ணுக்குக் கூலி தருவதைப் போன்றது.

விக்கிப்பீடியாவின் உடன்திட்டமான விக்கிமூலம் என்ற மின்னூலகத்திலும் இதே சாய்வு தென்படுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் மின்படிகள் அங்கே ஏற்றப்பட்டு, எழுத்துணரிக் கருவியால் உரையாக்கப்பட்டு, மெய்ப்புக்காகக் காத்திருக்கின்றன. ஒருவர் மெய்ப்புப் பார்த்ததும் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் பார்த்து ஒப்பியதும் பச்சையாகும். இரண்டு வெவ்வேறு கண்கள் வேண்டும் என்பதை மென்பொருளே கட்டாயமாக்கியிருக்கிறது. எழுத்துச் சமூகங்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஏற்பாடுகளில் இது ஒன்று. ஆனால் 2020 மே மாதம் இந்திய மொழிகளுக்காக நடந்த மெய்ப்புத் தொடரில் முதல் மெய்ப்புக்கு மூன்று புள்ளி, இரண்டாம் சரிபார்ப்புக்கு ஒரு புள்ளி. முதல் மெய்ப்பில் தட்டச்சு மிகுதி என்பதால் இந்த விகிதம் நியாயமாகத் தோன்றும். விளைவை எண்ணிப் பாருங்கள்: புள்ளி தேடுபவர் மஞ்சள் பக்கங்களைப் பெருக்குவார், பச்சையாக்கும் வேலை பின்தங்கும். நாட்டுடைமை நூலைத் தேடி வரும் வாசகருக்கு வேண்டியதோ பச்சைப் பக்கம்.

4. விற்பனைத் தளங்களும் ஒரு பழைய மாதப் பரிசும்

எதை எண்ணுகிறோமோ அதுவே பெருகும் என்ற இந்த விதி, காசு நேரடியாகப் புழங்கும் இடங்களில் இன்னும் வெளிப்படை. சந்தா கட்டி மின்னூல் வாசிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் 2015 ஜூன் வரை, ஒரு நூலில் பத்தில் ஒரு பங்கு வாசிக்கப்பட்டாலே ஆசிரியருக்கு முழுப் பங்கு கிடைத்தது. குட்டிப் புத்தகங்கள் பெருகின. ஜூலையிலிருந்து வாசித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று விதி மாறியது. பழைய நூல்களையெல்லாம் ஒன்றாய் அடைத்துப் பக்கம் பெருக்கும் வழக்கம் கிளம்பி, நிறுவனம் தலையிட வேண்டியதாயிற்று. எழுத்தாளர்களின் ஒழுக்கம் ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. எண்ணும் முறை மாறியது, எழுத்தின் வடிவமும் கூடவே மாறியது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி என்ற எழுத்துத் தளம் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இயங்குகிறது. அங்கே வாசகர் நாணயம் வாங்கிப் பிடித்த எழுத்தாளருக்கு அளிக்கலாம், சந்தா கட்டி அடுத்த பாகங்களைத் திறக்கலாம். அச்சிதழ்களின் கதவு திறக்காத எத்தனையோ பெண்கள் அங்கே எழுதி வருமானமும் வாசகரும் பெற்றிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வார இதழ்த் தொடர்கதையும் அடுத்த வாரத்துக்கு ஆவலை நிறுத்தி வைத்தே வளர்ந்தது; பாகம் பாகமாக எழுதுவது தமிழுக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால், நடுவே நின்று ‘இந்தப் பகுதி நீள்கிறது, வெட்டுங்கள்’ என்று சொன்ன ஆசிரியர் குழு இல்லாமல் போனது. அந்த வேலையை ஏற்கும் வாசகருக்குத் தளத்தில் ஊக்கம் எதுவும் இல்லை. பாராட்டும் வாசகருக்கு எழுத்தாளரின் நன்றி உடனே கிடைக்கிறது. பிழை சுட்டும் வாசகருக்கு மனத்தாங்கல்தான் மிச்சம்.

மாற்று வழிக்கு மரபிலேயே சான்று உண்டு. 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, அந்தந்த மாதத்து இதழ்களில் வந்த சிறுகதைகளிலிருந்து ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்து பரிசளித்தது. பின்பு பன்னிரண்டு மாதக் கதைகளிலிருந்து ஆண்டின் சிறந்த கதையும் தேர்வாகும். எழுத்தாளர் இதற்கென்று எழுதி அனுப்ப வேண்டியதில்லை. தேர்வாளர்தான் அந்த மாதம் வெளிவந்தவற்றைத் தேடிப் படித்துத் தம் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பரிசுத் தொகை சிறியது. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒருவரைப் பொறுப்புள்ள வாசகராக உட்கார வைத்தது அந்த ஏற்பாடு. தமிழ்ச் சிறுகதைக்கு அது செய்த தொண்டில், பரிசைவிட இந்தக் கட்டாய வாசிப்பின் பங்கே பெரிது என்பது என் மதிப்பீடு.

5. ஏரிப்பட்டியும் ஏரிவாரியமும்

பலர் கூடிப் பயன்பெறும் ஒன்றை யார் காப்பது, காப்பவருக்கு என்ன தருவது என்ற கேள்வியை இணையம் முதலில் கேட்கவில்லை. செங்கல்பட்டுச் சீமை அதை நூற்றாண்டுக் கணக்கில் கேட்டு, விடையைக் கல்லிலும் ஓலையிலும் பதித்து வைத்திருக்கிறது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இந்நிலத்தில் வேளாண்மை ஏரியை நம்பியது. மதுராந்தகம் ஏரியின் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. கிளியாறும் நெல்வாய் மடுவும் அதை நிரப்புகின்றன. அத்தனை பெரிய ஏரியை வெட்டியது ஒரு காலத்துச் செயல். கரையில் ஓட்டை விழாமல் பார்ப்பது, மதகைத் திறந்து அடைப்பது, வண்டல் எடுப்பது, வரத்துக்காலைத் தூர்ந்துபோகாமல் வைப்பது ஆகியவை எல்லாக் காலத்துக்குமான செயல்கள். இங்குள்ள பெருமாள் ‘ஏரி காத்த ராமர்’ என்று வழங்கப்படுவதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் ஏரியின் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய ஏரிப்பட்டி நிலங்களும், வண்டல் அள்ளுவதற்குப் பொன் வைத்த நிவந்தங்களும் பல இடங்களில் வருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிவாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரிக்கின்றன. உறுப்பினரின் காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் போடப்படாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தகுதி இழப்பர். எட்டு நூற்றாண்டு கடந்து, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்தபோதும், 1799இல் அங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் தம் அறிக்கையை எழுதியபோதும், களத்தில் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்னரே ஊர்ப்பணிகளுக்கு மேரை எனப்படும் தானியப் பங்கும் மானியமும் ஒதுக்கும் வழக்கம் பதிவாயிற்று. நீர் பாய்ச்சுபவருக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. விளைச்சலில் பங்கு உண்டு என்பது பொது.

இந்த ஏற்பாட்டில் நம் கேள்விக்கு உதவும் கூறுகள் உள்ளன. முதலாவது, வெகுமதி ஒரு காலத்துப் பொறுப்புக்குக் கிடைத்தது. இத்தனை கூடை மண், இத்தனை முறை மதகு திறப்பு என்ற எண்ணிக்கைக்குக் கிடைக்கவில்லை. அடுத்தது, பங்கு மொத்த விளைச்சலிலிருந்து வந்ததால், ஏரி நன்றாக இருந்தால்தான் காவலரின் பங்கும் நன்றாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பொறுப்பு கைமாறியது, கணக்குக் காட்டப்பட்டது.

இங்கே எழக்கூடிய கடுமையான மறுப்பை உடனே எதிர்கொள்ள வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். குடவோலையில் பெயர் எழுதப்பட நிலமும் வேதக்கல்வியும் வேண்டும். சேற்றில் இறங்கி வண்டல் அள்ளியவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. ஊரார் கூடி நீர்நிலையைப் பராமரித்த குடிமராமத்து என்று இன்று பெருமையோடு பேசப்படுவதில் கட்டாய உழைப்பும் அடங்கும். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது, அந்த உழைப்பு எல்லாருக்கும் விருப்பமானதாக இருக்கவில்லை என்பதற்கும் சான்று. ஆகவே அந்த ஊர் அமைப்பை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் வாதமில்லை. காப்பவரின் உழைப்பு சாதியால் கீழிறக்கப்பட்ட அதே சமூகத்தில்கூட, அதற்கு ஒரு பங்கு ஒதுக்காமல் ஏரி நிற்காது என்ற அறிவு இருந்தது. எவர் வேண்டுமானாலும் சேரலாம் என்று சொல்லும் இணையச் சமூகம் காவல் உழைப்பைப் பெயரில்லாமல் வாங்கிக்கொண்டு, வெட்டியவருக்கு மட்டும் மேடை போடுமானால், அந்தப் பழைய இழுக்கு வேறு வடிவில் தொடர்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

6. எதிர்வாதங்கள்

முதலில் உள்ளடக்கம் வரட்டும், தரம் பிறகு வரும் என்பார்கள். இணையத்தில் உரை குறைந்த மொழிக்கு எண்ணிக்கையே முதல் தேவை என்ற இந்த வாதம் 2010இல் வலுவாக இருந்தது. கட்டுரை இல்லாத இடத்தில் குறையுள்ள கட்டுரையாவது இருக்கட்டும் என்று அன்று சொன்னவர்களைக் குறைகூற மாட்டேன். இப்போது நிலை மாறிவிட்டது. 2015 முதல் விக்கிப்பீடியாவிலேயே மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது. அதன் பின் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 300 சொல் கட்டுரையைச் சில நொடிகளில் தருகின்றன. புதிய உரையின் விலை ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாகும்போது, புதிய உரைக்கே பரிசு தருவது ஆற்றுமணலுக்கு விலை வைப்பதாகும். அந்த உரை உண்மையா, வாக்கியம் தமிழா, சான்று சொல்வது இதுதானா என்று பார்க்கும் மனிதர்தான் இப்போது கிடைக்காத பொருள். பிற்காலக் கருவிகள் இதே பக்கங்களைப் படித்துத் தமிழ் கற்கின்றன. பார்க்கப்படாத பிழை அங்கே தங்கிப் பெருகும்.

பராமரிப்பை அளக்க முடியாது, அளந்தால் அதையும் ஏமாற்றுவார்கள் என்பது அடுத்த வாதம். திருத்தங்களை எண்ணினால், ஒரே திருத்தத்தைப் பத்தாக உடைத்துச் சேமிப்பார்கள் என்பது சரிதான். ஆனால் எண்ணுவதற்கு வேறு பொருள் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆட்லரும் லூக்கா டி அல்ஃபாரோவும் 2007இலேயே ஒரு வழியைக் காட்டினார்கள். ஒருவர் எழுதியதில் எவ்வளவு, பிறர் கை பட்ட பிறகும் நிலைத்து நிற்கிறது என்பதைக் கொண்டு அவர் நம்பகத்தைக் கணிக்கும் முறை அது. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு வரலாறு சேமிப்பில் இருப்பதால் இக்கணக்கு இயலக்கூடியது. போட்டி முடிந்த அன்று முடிவு அறிவிக்காமல் ஓராண்டு கழித்து, நின்ற உரையைக் கொண்டு அறிவிக்கலாம். பரிசுக்காக மட்டும் வருபவருக்கு ஓராண்டுக் காத்திருப்பு நீண்டது. பக்கத்தில் அக்கறை உள்ளவருக்கு அது பொருட்டில்லை.

மூன்றாவது வாதம் தன்னார்வத்தின் தூய்மை பற்றியது; பரிசே வேண்டாம் என்பது. இதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. சென்னையில் நிலையான ஊதியத்தோடு இருப்பவரின் ஓய்வு நேரமும், மதுராந்தகத்தில் பகுதிநேர வேலைக்கு நடுவே கைபேசியில் எழுதும் மாணவியின் நேரமும் ஒன்றில்லை. எந்த ஆதரவும் கூடாது என்பது, நடைமுறையில் வசதியுள்ளவர் மட்டுமே எழுதட்டும் என்பதாக முடியும். வேங்கைத் திட்டத்தின் மடிக்கணினியும் இணையச் செலவும் இந்த இடத்தில்தான் சரியாகச் சென்று சேர்ந்தன.

7. எதை எண்ணலாம்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, அடுத்த போட்டியை வகுப்பவர்கள் செய்து பார்க்கக் கூடிய சில மாற்றங்கள் பிறக்கின்றன. ஒரு வட்டாரத்தின் பக்கங்களை ஓராண்டுக்கு ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம். எடுத்துக்காட்டாக, செய்யூர் வட்டத்து ஊர்கள், கோயில்கள், நீர்நிலைகள் அனைத்தும். விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்துக்கும் உரிமையாளர் கிடையாது என்ற கொள்கைக்கு இது முரணாகாது. மதகைத் திறப்பவருக்கு ஏரி நீர் சொந்தமாவதில்லை. குழு ஆண்டின் முடிவில் எவையெவை சரிபார்க்கப்பட்டன, எவை காலாவதியாகின, எந்தச் சான்று கிடைக்கவில்லை என்று பொதுவில் கணக்கு வைக்க வேண்டும். ஆதரவுத் தொகை அந்தக் கணக்குக்கு. மறு ஆண்டு வேறு கை. மாவட்டப் பிரிவினை போன்ற மாற்றம் வரும்போது புதிய பக்கம் எழுதுவதற்குக் கிடைக்கும் மதிப்பு, பழைய பக்கத்தைத் திருத்துவதற்கும் அங்கே கிடைக்கும். விற்பனைத் தளங்களும் வாசகர் பரிசில் ஒரு பகுதியை, எழுத்தாளரே தேர்ந்து ஏற்கும் முதல்வாசகருக்கும் பிழைதிருத்துநருக்கும் ஒதுக்க வழிசெய்யலாம். அச்சில் அந்த வேலைக்குச் சம்பளம் இருந்தது.

விக்கிமூலத்தில் மாற்றம் இன்னும் எளிது. முதல் மெய்ப்புக்கு மூன்று, சரிபார்ப்புக்கு ஒன்று என்ற விகிதத்தைத் திருப்பிவைத்தால் மட்டும் போதாது. பார்க்காமலேயே பச்சையாக்கும் ஆசை எழும். ஆகவே ஒவ்வொருவரும் பச்சையாக்கியவற்றிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த சில பக்கங்களை நடுவர் மூலநூலோடு ஒப்பிட வேண்டும். அவை பிழையின்றி இருந்தால் அவருடைய பச்சைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. முதல் மெய்ப்பர் தவறவிட்டதைக் கண்டு திருத்தியிருந்தால் அதற்கு மேலும் ஒன்று. நடுவர் பிழை கண்டால் அந்தத் தொகுதிக்கே புள்ளி இல்லை.